அத்தான் வெட்டி எடுத்த சத்தம்

என் அத்தான் ஒரு திருடர். என் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டவரைச் சொல்கிறேன். ஊரில் அவருக்கு நல்ல பெயர் உண்டு. அதனால் அவர் திருடவில்லை என்று ஆகிவிடாது. அவர் எடுத்துப் போனது ஒரு முழம் டேப். அதில் என் அக்கா இருந்தாள்.

பழசை எதற்குக் கிளறுகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். நானா கிளறுகிறேன்? ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போடுகிற நேரத்தில் அவர்தான் பழைய டேப்பிலிருந்து மாற்றி வைத்திருக்கும் ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு வருகிறார். "அந்தக் காலத்துலயே திருவனந்தபுரத்துல மைனாவை டேப்புல பிடிச்சவன் நானாக்கும். கேளுங்க. ஒரு ஒச்சை இருக்கா பாருங்க" என்பார். ஒச்சை என்றால் இங்கே இரைச்சல். பிள்ளைகள் சுற்றி உட்காரும். மைனா "யாரு?" என்று கேட்கும். விசில் அடிக்கும். "காப்பி ஆச்சா?" என்று கேட்கும். எல்லாரும் சிரிப்பார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

நாடு சுதந்திரம் அடைந்த சமயத்தில் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. எங்கள் குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தது. அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம், வீடு கரமனையில். அத்தானுக்கும் சாலையில்தான் கடை. ரேடியோ விற்பார், பழுது பார்ப்பார். கல்யாணமான புதிதில் மலையடிவாரத்து விதுரா சந்தைக்குப் போனவர், மலையிலிருந்து யாரோ இறக்கிக்கொண்டு வந்த மைனாக் குஞ்சு ஒன்றை வாங்கிவந்து அக்காவிடம் கொடுத்தார். சாதாரண மைனா இல்லை. கறுத்த உடம்பும் கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் தோலுமாக இருக்கும் மலை மைனா. சொல்லிக்கொடுத்தால் பேசும். "பொண்டாட்டிக்கு ஒரு சேலை எடுத்துக் குடுக்கத் துப்பில்ல, காக்காயப் பிடிச்சிட்டு வந்திருக்காரு" என்று அம்மா முணுமுணுத்தாள். அக்காவுக்குச் சேலையைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

அந்தக் காலத்தில் புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். அக்காவுக்கு உறவு சொல்லிக் கூப்பிடவும் வெட்கம். அத்தானோ கடையில் பார்த்தது போதாது என்று வீட்டுப் பின்னறையிலும் ரேடியோக்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். சோறு ஆறிப்போகும். அக்கா அறை வாசலில் வந்து நின்று தொண்டையை லேசாகச் செருமுவாள். ம்க்கும். பிறகு கையைக் கதவு நிலையில் உரசுவாள். கண்ணாடி வளையல்கள் கிலுங்கும். அவ்வளவுதான் கூப்பிடுவது. அத்தான் திரும்பாமலே, "இந்தா வாறேன்" என்பார். வரமாட்டார். அக்கா மறுபடி செருமுவாள். அவர் மறுபடி "இந்தா வாறேன்" என்பார். நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

"ஏன்க்கா, வாயத் தொறந்து கூப்பிட்டா என்ன? முத்தா உதிந்துரும்?"

"ஒனக்கு வரப்போறவனை நீ மேளம் கொட்டிக் கூப்பிடு. போடி."

மைனாக் கூடு அந்த அறை வாசலில்தான் தொங்கியது.

அக்கா காய்ச்சலில் செத்தாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பு கிடையாது. அத்தான் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கடை மாடியிலேயே தங்கிக்கொண்டார். மைனாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். கொஞ்ச காலம் அது வாயே திறக்கவில்லை. பிறகு ஒருநாள் வாசலில் யாரோ வர, அக்கா கேட்பதுபோலவே "யாரு?" என்றது. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைப் போட்டுவிட்டு அழுதாள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "யாரு?" என்பதும் "காப்பி ஆச்சா?" என்பதும் அக்கா அதற்குச் சொல்லிக்கொடுத்தவை. மைனாவுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நாம் நம் குரலில் பேசுவதில்லை. குழந்தையிடம் பேசுவதுபோலக் குரலை மேலே தூக்கிக்கொண்டு பேசுகிறோம். அதைத்தான் அது பிடித்துக்கொள்ளும். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. எனக்கு வேண்டியது அக்கா தனக்குத் தெரியாமல் போடுகிற சத்தம். அவளுடைய முகம் எனக்கு மறக்கவில்லை, கல்யாணப் படம் ஒன்று இருக்கிறது. குரல் மறந்துகொண்டே வந்தது. காலையில் எழுந்ததும் அதை நினைத்துப் பார்ப்பேன். முதலில் கிடைத்தது. பிறகு தேட வேண்டியிருந்தது. பிறகு தேடினாலும் என் குரல்தான் கேட்டது. செத்தவளை இன்னொரு முறை பறிகொடுப்பது அது. அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்கையில் அத்தான் பம்பாயிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் வரவழைத்தார். திரு-கொச்சி ராஜ்ஜியமாக இருந்த காலம். இங்கே அந்த மாதிரி மெஷினை யாரும் வீட்டில் பார்த்ததில்லை. அரிசி மூட்டை கனம் இருந்தது. இரண்டு சக்கரம், நடுவில் பழுப்பு நாடா. நவராத்திரிக்குக் கடை வாசலில் வைத்துப் போட்டுக் காட்டினால் கூட்டம் வரும் என்பது அவர் எண்ணம். மனுஷன் பேசினால் ரேடியோ என்று நினைப்பார்கள். மைனா பேசினால் நின்று கேட்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மெஷினைச் சுமைகூலிக்காரரிடம் கொடுத்து எங்கள் வீட்டுக்கு எடுத்துவர ஆரம்பித்தார்.

முதல் தடவை எடுத்ததைப் போட்டுக் கேட்டபோது மைனாவைத் தவிர மற்ற எல்லாம் கேட்டது. கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. பக்கத்து வீட்டில் நெல் குத்தினார்கள். காக்கை, சைக்கிள் மணி, தேர்தலுக்காக மைக் கட்டிப் போன கார். எல்லாவற்றுக்கும் அடியில் ஊம் என்று ஒரு முனகல். தினமும் இத்தனை சத்தத்தின் நடுவில் இருக்கிறோம் என்று நமக்குத் தெரிவதேயில்லை. காது தானாகவே ஒதுக்கிவிடுகிறது. மெஷினுக்கு அந்தப் புத்தி கிடையாது.

அத்தான் ஒவ்வொன்றாக ஒழித்தார். முனகல் கரண்டிலிருந்து வருவது என்று மைக்குக்கு நீள ஒயர் போட்டு மெஷினை அறையின் அந்தக் கோடிக்குத் தள்ளினார். மேஜை அதிர்கிறது என்று அடியில் ஜமக்காளத்தை மடித்து வைத்தார். ஜன்னலில் மெத்தையைக் கட்டினார். கூட்டுக்குள்ளிருந்த பித்தளைக் கிண்ணத்தில் மூக்கு பட்டால் கணீர் என்கிறது என்று அதை எடுத்துவிட்டுத் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்தார். சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினார். மைக்கைக் கூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் இரைச்சல் குறைந்து பறவை பெரிதாகக் கேட்கும் என்று கூட்டோடு சேர்த்துக் கட்டினார். மைனா அதைக் கொத்தியது. டேப்பில் இடி இடித்ததுபோல இருந்தது. மைக்குக்கு ஒரு பழைய துணியைச் சுற்றினார்.

பக்கத்து வீட்டு நாயர் அம்மாளிடம் போய், கொஞ்ச நேரம் நெல் குத்தாமல் இருக்க முடியுமா என்று நான்தான் கேட்டேன்.

"உங்க கிளிக்கு வேண்டி நாங்க பட்டினி கெடக்கணுமோ?"

"கிளி இல்ல சேச்சி, மைனா."

"ஏதாயாலும் நெல்லு தின்னத்தானே போகுது? அது பேசட்டும், நான் குத்தட்டும்." பிறகு சிரித்துக்கொண்டே உலக்கையைச் சாத்தி வைத்தார்.

இத்தனைக்குப் பிறகும் டேப்பில் ஒரு சத்தம் நிற்கவில்லை. யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம். அதோடு வளையல் சத்தம். மங்கலாக, துணிக்கு அப்பாலிருந்து வருவதுபோல.

"யாருட்டி செருமினது?" அத்தான் என்னைப் பார்த்து எரிந்து விழுந்தார்.

"நான் அடுக்களையில இருந்தேன்."

"வளையல் யாருது? மைனா வளையலா போட்டிருக்கு?"

நான் என் வளையல்களைக் கழற்றி அவர் முன்னாலேயே மேஜையில் வைத்தேன். அம்மாவையும் கழற்றச் சொன்னார். அங்கேதான் வீடு ரெண்டுபட்டது. அப்பா உயிரோடு இருக்கிற வீட்டில், சுமங்கலியை வெறுங்கையாக நிற்கச் சொல்கிறார் மருமகன். அதுவும் ஒரு பறவைக்காக.

"எங்கையில கெடக்கதைக் கழட்டணும்னா ஒங்க மாமா சாவணும். போய் அவருகிட்ட கேட்டுட்டு வாங்க" என்றாள் அம்மா.

"அத்தே, ஒரு அரை மணிக்கூறு."

"அரை மணிக்கூறோ ஆறு மணிக்கூறோ. மகளை வாரிக் குடுத்தாச்சு. இனி தாலியையும் கழட்டச் சொல்லுவீங்க. அதும் ஒச்சை போடும்லா."

அத்தான் முகம் கறுத்துப்போயிற்று. கடைசியில் அம்மா இரண்டு கையிலும் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு கிணற்றடியில் போய் உட்கார்ந்தாள். அடிபட்டுக் கட்டுப் போட்டவள்போல. தெருவில் போனவர்கள் என்னவென்று விசாரித்தார்கள்.

அன்றைக்கும் டேப்பில் செருமல் வந்தது. வளையலும் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அத்தான் மெஷினை என்னிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்த ஒருநாள் நான் ஓட்டிப் பார்த்தேன். அந்தச் சத்தம் இல்லவே இல்லை. விசிலும் "காப்பி ஆச்சா"வும் சுத்தமாக வந்தன. ஆனால் வெளியே நின்ற லாரி ஒன்று கெடுத்துவிட்டது. அத்தான் உட்கார்ந்தால் மட்டும் செருமல். அவருக்கு என்மேல் சந்தேகம். வெளியே நின்று கேலி பண்ணுகிறேன் என்று நினைத்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கூட்டுக்கு முதுகைக் காட்டி, மெஷின்மேல் குனிந்து உட்கார்ந்திருப்பார். சத்தம் மைக் வழியாகக் காதுக்குள் வருமே தவிர எந்தப் பக்கத்திலிருந்து என்று அவருக்குத் தெரியாது. திரும்பிப் பார்ப்பார். அறையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

நவராத்திரிக்கு முந்தின ஞாயிறு. அத்தான் எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கிய ஆத்திரத்தில் நான் ஜன்னல் பக்கம் போய், மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கில் கண்ணை வைத்தேன்.

மைனா வழக்கம்போல எல்லாம் சொன்னது. பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அத்தானின் முதுகைப் பார்த்தது. தலையைச் சாய்த்தது. கம்பியை ஒட்டி நகர்ந்து வந்து, ம்க்கும் என்றது. அதன் தொண்டையிலிருந்தே வளையல் கிலுங்கியது.

அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். திரும்பவில்லை. குனிந்தபடியே, "இந்தா வாறேன்" என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். உட்காரவும் இல்லை, நிமிரவும் இல்லை.

நான் கேட்டது பஞ்சு மெத்தை வழியாக. சத்தத்தை அடைக்க அவர் கட்டிய மெத்தை என் காதைத்தான் அடைத்தது. ஆனாலும் அது அக்கா என்று தெரிந்தது. நான் தேடித் தேடிக் கிடைக்காமல் போனது அங்கே கம்பிக்குள் இருந்தது. சொல்லிக்கொடுத்த குரல் இல்லை. சோறு ஆறுகிறதே என்று அவள் வாசலில் வந்து நிற்கிற சத்தம்.

அவர் மெஷினைப் பின்னால் ஓட்டிப் போட்டுக் கேட்டார். மறுபடி கேட்டார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோதும் அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"அத்தான், அது அக்கா."

"என்ன அக்கா?"

"நான் பாத்தேன். நீங்க பதில் சொன்னியளே."

"அது ஒச்சைட்டி. வெறும் சல்லியம், தொந்தரவு. நாளைக்குக் கடையில போடணும்."

"எனக்கு ஒரு வாட்டி போட்டுக் காட்டுங்க. ஒரே ஒரு வாட்டி. பொறவு என்னமும் செய்யுங்க."

அவர் சவரப் பிளேடை எடுத்தார். டேப்பைக் கையால் நகர்த்தி நகர்த்தி இடம் பார்த்து வெட்டினார். இரண்டு முனையையும் பிசின் நாடாவால் ஒட்டினார். நான் அவர் கையைப் பிடித்தேன். தள்ளிவிட்டார். அதற்கு முன்போ பின்போ அவர் என்மேல் கை வைத்ததில்லை. வெட்டின துண்டு கீழே விழுந்தது. குப்பைதானே, விட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே? குனிந்து எடுத்தார். விரலில் சுற்றினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மெஷினைக் கூலிக்காரர் தலையில் ஏற்றிவிட்டு, சாப்பிடக்கூட இல்லாமல் போனார்.

நவராத்திரிக்குக் கடை வாசலில் கூட்டம் தெருவை அடைத்ததாம். நான் போகவில்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததே இல்லை. மைனாவும் செருமவே இல்லை. நான் விட்டுவிடவில்லை. அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு, தலைமுடியைத் தூக்கிக் கட்டி, ஒரு உடைந்த ரேடியோப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கூட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மத்தியானம் மத்தியானமாக உட்கார்ந்தேன். அம்மா பார்த்துவிட்டு, எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது, சீக்கிரம் மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாள். மைனா என் முதுகைப் பார்த்துக் கேட்டதெல்லாம் "யாரு?" என்றுதான். அதை ஏமாற்ற முடியவில்லை. இரண்டு மழைக்காலம் கழித்து அது கூட்டின் அடியில் விறைத்துக் கிடந்தது.

அத்தான் மறுகல்யாணம் செய்துகொண்டார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வந்தவள் நல்லவள், என்னை இன்றைக்கும் கூடப்பிறந்தவள்போல நடத்துகிறாள். சொந்தக்காரர்கள் சிலர் அத்தானுக்காகப் பரிந்து பேசுகிறார்கள். அவருக்குத் தாங்கவில்லை, அதனால் வெட்டினார், ஆம்பிளை அழ முடியாதல்லவா என்கிறார்கள். இருக்கட்டும். தாங்கவில்லை என்றால் தாங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நானும் கூட உட்கார்ந்து அழுதிருப்பேன். ஒச்சை என்று சொன்னார். இன்று வரைக்கும் ஊர்கூடின இடத்தில் அதையே பெருமையாகச் சொல்கிறார். சின்னப் பிள்ளைகள் கைதட்டுகின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு, இந்த வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதுகூடத் தெரியாது.

எனக்கும் வயசாகிவிட்டது. காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. இன்னும் கொஞ்ச நாளில் அந்தத் துண்டை யாராவது போட்டாலும் எனக்குக் கேட்காது. அதனால்தான் வீட்டுக்குள் பேசிப் பலனில்லை என்று பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

அத்தான், வருகிற தை மாதக் கல்யாணத்துக்கும் கேசட்டோடுதான் வருவீர்கள். வாருங்கள். இந்தத் தடவை நான் எழுந்து போகமாட்டேன், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பொத்தானை அமுக்குவதற்கு முன்னால், உங்கள் பெண்டாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சம்பந்திகள் எல்லாரும் கேட்க எனக்குப் பதில் சொல்லுங்கள். அன்றைக்கு நாற்காலியிலிருந்து பாதி எழுந்து "இந்தா வாறேன்" என்று யாருக்குச் சொன்னீர்கள்? பையில் போட்டுக்கொண்டு போன துண்டு எங்கே? எரித்திருந்தால் எரித்தேன் என்று சொல்லுங்கள். வைத்திருந்தால் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் போடுங்கள்.